குற்றம் காட்டும் விளக்கு: செட்டியார்பட்டி வட்டாரக் கார் பாலிஷில் கைவிளக்குத் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

நூலுக்கு 10 குற்றம், 10 அழகு, 32 உத்தி என்று பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்திலேயே கணக்கை முடித்துவிட்டார். காரின் மேற்பூச்சுக்கு அப்படி ஒரு கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. வாட்டர் சர்வீஸ் பட்டறைகளில் வாய்மொழியாக வழங்குவதைத் தொகுத்தால் குற்றம் நான்கு தேறும்: துடைத்த துணி விட்டுப்போன வட்டக்கோடு, போர்த் தண்ணீர் காய்ந்த கறை, டொக்கு, டச்சப் செய்த இடத்தில் நிறம் ஒட்டாமை. அழகு ஒன்றே ஒன்று, ‘கண்ணாடி மாதிரி இருக்கு’ என்பது. உத்தியோ விளக்கு ஒன்றைத் தவிர வேறில்லை. பாலிஷ் மெஷின், கம்பவுண்ட், செராமிக் கோட்டிங் எல்லாம் குற்றம் கண்ட பிறகு வேண்டியவை. குற்றத்தைக் காண்பதற்கு வேண்டியது கைவிளக்கு. அதைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எவ்வளவு வெளிச்சம்?’ என்று கேட்பது பிழை, ‘எந்தக் குற்றத்தைக் காட்டும்?’ என்று கேட்பதே முறை என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுக்களமாக ராஜபாளையத்துக்குத் தெற்கே, நைட்டிக்குப் பேர்போன தளவாய்புரத்தை அடுத்த செட்டியார்பட்டியைக் கொள்வதற்குக் காரணங்கள் உண்டு. மேற்கே மலைத்தொடர் நிற்பதால் நாள்காட்டி சொல்லும் அஸ்தமனத்துக்கு முன்பே இங்கே வெயில் மறைந்துவிடும்; பகல் வெளிச்சத்தை நம்பித் தொழில் செய்கிறவன் கடைசிக் கதவைத் துடைக்கும்போது இருட்டில் நிற்பான். துணி வெட்டித் தைக்கும் வட்டாரத்தில் துடைக்கத் துணித்துண்டுக்குப் பஞ்சமில்லை. போதாததற்குத் தமிழ்நாட்டுப் பட்டறை எதிலும் இல்லாமல் போகாத பனியன் வேஸ்ட் வேறு. பனியன் வேஸ்ட் பருத்திதானே, என்ன செய்துவிடும் என்று தோன்றும். பருத்தி ஒன்றும் செய்யாது, அதில் ஒளிந்திருக்கும் தூசியும் தையல் முடிச்சும்தான் செய்யும். ஆக, குற்றத்தைச் செய்யும் பொருள் ஏராளமாகவும் அதைக் காட்டும் வெளிச்சம் சிக்கனமாகவும் உள்ள இடம் இது. ஆய்வாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதல் குற்றமான வட்டக்கோட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கறுப்புக் கார் ஒன்றின் பானெட்டில் ஒரு சிறு விளக்கைக் காட்டினால், அதன் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். துணியை வட்டமாகச் சுற்றித் துடைத்ததால் வந்த வட்டம் என்று பட்டறையில் விளக்கம் சொல்வார்கள். அது பாதி உண்மை. கோடுகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் ஓடுகின்றன. விளக்கிலிருந்து புறப்பட்ட ஒளியைக் கண்ணுக்குத் திருப்பக்கூடிய கோணத்தில் அமைந்தவை மட்டும் மின்னுகின்றன. அப்படி மின்னும் துண்டுகள் பிம்பத்தைச் சுற்றி வட்டமாக அமைந்துவிடுகின்றன. விளக்கை இந்தப் பக்கம் நகர்த்தினால் வட்டமும் கூடவே நகர்ந்து வரும். பூச்சில் நிலையாக இருக்கும் வட்டம் எப்படி நகரும்? இதற்குள் விளக்குத் தேர்வின் முதல் விதி இருக்கிறது: ஒளி புறப்படும் இடம் சிறியதாக இருக்க வேண்டும். பெரிய பேனல் விளக்கு எல்லாத் திசையிலிருந்தும் ஒளியைக் கொட்டிக் கோடுகளின் மினுக்கத்தை நிரப்பிவிடும். வண்டி புதிதுபோல் தெரியும். உரிமையாளர் மகிழ்ந்து பணம் கொடுப்பார். பிறகு இரவில் பெட்ரோல் பங்க்கின் கூரைக்கடியில் வரிசையாகப் பதித்த எல்இடி விளக்குகளின் கீழ் வண்டியை நிறுத்துவார். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சிலந்தி வலை. மறுநாள் காலை, ‘அண்ணாச்சி, என்ன இது வட்டம் வட்டமா?’

பிரதிபலிப்பை வைத்துத் தரம் பார்க்கும் மரபு இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலில் உள்ள கண்ணாடிக் கிணற்றில்தான் கோதை நாச்சியார் பெருமாளுக்குரிய மாலையைச் சூடி அழகு பார்த்ததாக ஐதிகம். ஆய்வு நோக்கில் இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்தாக வேண்டும். நேர்குத்தாக விழும் ஒளியில் தண்ணீர் நூற்றுக்கு 2 பங்கைத் திருப்பி அனுப்பும். காரின் மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட் ஏறத்தாழ 4 பங்கு. சாய்ந்து விழும் ஒளியில் இரண்டுமே இதைவிட மிக அதிகமாகத் திருப்பும். எனவே காரின் மேற்பூச்சு கிணற்றுக்கு இரட்டிப்புக் கண்ணாடி. ஆனால் கிணற்றை யாரும் பனியன் வேஸ்டால் துடைப்பதில்லை.

டொக்கின் இயல்பு வேறு. சிறு விளக்கின் புள்ளிப் பிம்பம் டொக்கின் மேல் போனாலும் புள்ளியாகவேதான் இருக்கும், சற்றே பெருக்கும் அல்லது சிறுக்கும். கவனிக்காதவன் கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. நாலடி டியூப் லைட்டோ நேர்கோடாகப் பிரதிபலிக்கும். டொக்கு இருக்கும் இடத்தில் அந்தக் கோடு இடுப்பு வளைக்கும். பெயிண்ட் போகாமல் டொக்கு எடுக்கும் தொழிலில் வரிவரியான ஒளிப்பலகை வைத்துக்கொள்வதன் காரணம் இதுவே. வட்டக்கோட்டை மறைக்கும் அதே டியூப் லைட் டொக்கைக் காட்டிக் கொடுக்கிறது, டொக்கை மறைக்கும் புள்ளி விளக்கு வட்டக்கோட்டைக் காட்டிக் கொடுக்கிறது. எல்லாக் குற்றத்தையும் ஒரே விளக்கு காட்டும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தால், அவர் விளக்கு விற்கிறார் என்பதை நினைவில் கொள்ளவும். போர்த் தண்ணீர்க் கறைக்கு இவ்வளவு தத்துவம் தேவையில்லை. சுண்ணாம்புச் சத்துள்ள வெள்ளை வளையம் அது. விளக்கைப் படுக்கையாகச் சாய்த்துப் பிடித்தால் தானே எழுந்து நிற்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை பல்கலைக்கழகங்களுக்கு முன்பே முடிவு கண்டவர்கள் ஜவுளிக்கடைக்குப் போகிற பெண்கள். சேலையைக் கடைக்குள் பார்த்துவிட்டு வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் ஒருமுறை விரித்துப் பார்க்காமல் அவர்கள் பணம் எண்ணுவதில்லை. கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் சேலையும் ரவிக்கைத் துணியும் வெயிலில் வேறு வேறாகப் பிரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். வேதியியல் வேறான இரண்டு சாயங்கள் ஒரு விளக்கில் ஒத்துப்போய் இன்னொரு விளக்கில் சண்டை போடும். டச்சப் பெயிண்டும் கம்பெனிப் பெயிண்டும் அப்படியே. அண்டையூரான சிவகாசி பிழைக்கும் அச்சுத் தொழிலில், அச்சடித்த தாளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே 5000 கெல்வின் நிறவெப்பமும் 2000 லக்ஸ் செறிவும் கொண்ட ஒளியைச் சர்வதேசத் தரம் வகுத்திருக்கிறது. காலண்டரில் முருகன் மயிலின் கழுத்துக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, பல லட்சம் கொடுத்து வாங்கிய காரின் கதவுக்குக் கிடைப்பதில்லை. விளக்குப் பெட்டிமேல் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும். மாதிரியாகக் கொண்ட ஓர் ஒளியோடு ஒப்பிட நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100க்கு இத்தனை என்ற மதிப்பெண் அது. ஆனால் அதுவும் 8 வெளிர் நிறங்களின் சராசரிதான்; அடர்சிவப்பு அந்த எட்டில் சேராது, ஆர்9 என்று தனியே நிற்கும். நீல எல்இடிமேல் மஞ்சள் பூச்சுப் பூசிச் செய்யும் மலிவு விளக்குகள் 80 மதிப்பெண் வாங்கிவிட்டு ஆர்9இல் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். எட்டுப் பாடத்தில் பாஸ், சிவப்பில் மட்டும் பெயில். சிவப்புக் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

சைவ நூலான சிவஞான சித்தியார் பிறர் கொள்கையைப் பேசும் பரபக்கம் சொல்லிய பிறகே தன் கொள்கையைப் பேசும் சுபக்கம் சொல்லும். நாமும் மறுப்புகளைக் கேட்டுவிடுவோம். முதல் மறுப்பு: சூரியன் இருக்க விளக்கு எதற்கு? வானில் அரைப்பாகையே அகலமுள்ள சூரியன் புள்ளி விளக்குதான், சிஆர்ஐயும் முழு மதிப்பெண், இலவசம். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பம்பருக்கு அடியில் அதைப் பிடித்துக் காட்ட முடியாது. மேலும் வெயிலில் சுட்ட தகட்டில் கம்பவுண்ட் உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், குற்றம் தெரியும் இடத்தில் வேலை செய்ய முடியாது, வேலை செய்யும் நிழலில் குற்றம் தெரியாது. இரண்டாவது, செல்போன் டார்ச் போதாதா என்பது. வட்டக்கோட்டைக் காண அது போதும் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவருக்கு வேறெதுவும் தேவையில்லை. நாள் முழுக்க ஒரு கையில் மெஷின் பிடிக்கிறவனுக்கு மறு கையில் போன் உதவாது. விடியுமுன் மல்லிகை பறிக்கிறவர்கள் தலையில் கட்டும் விளக்கை மாட்டிக்கொள்ளலாமே என்பார்கள். கண்ணும் விளக்கும் ஒரே இடத்தில் இருந்தால் நிழல் கண்ணுக்குத் தெரியாது. நிழல் தெரியாதவனுக்குக் கறையின் மேடு தெரியாது. மல்லிகைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

லூமன் கூடக் கூட நல்லது என்பது மூன்றாவது. 60 வாட் குண்டு பல்பு 800 லூமன் தந்தது. அதில் நம் தாத்தாக்கள் கல்யாணமே நடத்தினார்கள். ஒரு முழத் தூரத்தில் 10,000 லூமனைப் பிடித்தால் கண்மணி சுருங்கி, பளபளப்புதான் தெரியுமே தவிரக் கோடு தெரியாது. அதே விளக்கை இருமடங்கு தூரம் தள்ளினால் தகட்டில் விழும் வெளிச்சம் கால்வாசிதான். ஆக, பெட்டியில் அச்சிட்ட எண்ணைவிடக் கையின் நீளம் முக்கியம். வண்டியின் நிறத்துக்கேற்பக் குறைத்தும் கூட்டியும் வைக்கத் தோதாக மங்கலாக்கும் பொத்தான் இருந்தால் போதும்.

இவற்றையெல்லாம் விடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு: குற்றத்தை ஏன் காண வேண்டும்? இதைச் சோம்பேறியின் கேள்வி என்று தள்ள முடியாது. கிளியர் கோட்டின் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு முறை கம்பவுண்ட் போடும்போதும் ஓரிரு மைக்ரான் தேயும். நல்ல விளக்கு கிடைத்தவன் நுண்ணிய கோட்டையெல்லாம் காண்பான், கண்டதையெல்லாம் தேய்ப்பான், தேய்த்த இடத்தில் மெஷின் விட்ட மெல்லிய மூட்டத்தையும் அதே விளக்கு காட்டும், அதையும் தேய்ப்பான். கோடு தீரும்போது பூச்சும் தீரும். அளவுக்கு மிஞ்சி உண்மை சொல்லும் விளக்கு வண்டிக்கு ஆகாது என்ற இந்த மறுப்பை முழுமையாக மறுக்க முடியாது, எல்லை கட்டத்தான் முடியும். பெட்ரோல் பங்க்கில் ஓராள் தூரத்தில் நின்று பார்க்கத் தெரியாத கோடு, கோடு அல்ல. ஆகவே கண்டுபிடிக்க ஒரு முழத் தூரம், தேய்ப்பதா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல ஓராள் தூரம்.

மீதியைச் சுருக்கமாக முடிக்கலாம். ஒயர் வைத்த கூண்டு விளக்கு வேண்டாம். ஒயரே பானெட்டில் உரசிக் கோடு போடும். காந்த அடியைப் பெயிண்ட் மேல் ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் பம்பரில் அது எப்படியும் ஒட்டாது, விழுந்து டொக்கு வைக்கும். சின்ன ஸ்டாண்டு போதும். தண்ணீர் பீய்ச்சுகிற இடத்துக்கு ஐபி65 முத்திரை வேண்டும். 6 தூசிக்கு, 5 பீய்ச்சும் தண்ணீருக்கு. நிறவெப்பம் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் மாறக்கூடியதாக இருந்தால், வெள்ளையிலும் சில்வரிலும் ஒளியும் கோடுகள் ஒன்றில் இல்லாவிட்டாலும் மற்றொன்றில் மாட்டும். புள்ளி விளக்கு ஒன்று, முழ நீளத்தில் பட்டை விளக்கு ஒன்று, இரண்டும் சிஆர்ஐ 95க்குக் குறையாமல்: கருதுகோளின்படி வாங்க வேண்டியது இவ்வளவே. கடையில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். லூமன் கொட்டை எழுத்தில் இருந்து சிஆர்ஐ எங்குமே அச்சாகாமல் இருந்தால், அந்த எண் வெளியே சொல்லத்தக்கதாக இல்லை என்று எடுத்துக்கொண்டு பெட்டியை வைத்துவிடுங்கள்.