கழட்டிப் போடற மாமா

கிணத்துக்கடவில் யார் புதுக் கார் எடுத்தாலும், பொன்மலை வேலாயுதசாமி கோயிலில் பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு ஒருவர் வந்து சேருவார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சட்டைப்பையில் ஒரு டெஸ்டர். வண்டியின் கலரைப் பார்க்க மாட்டார், விலையும் கேட்க மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக் குத்தவைத்து, தலையைச் சாய்த்து வண்டிக்கு அடியில் பார்ப்பார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்து தீர்ப்புச் சொல்வார்.

“ஏனுங் மாப்ள, இன்ஜினுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தட்டு மாட்டி உட்டிருக்கானே, அதைக் கழட்டிப் போட்ருங்க. வெறும் தண்டம்.”

ஒத்தக்கால்மண்டபத்தில் இவருக்கு ஒரு பெயர், கோவில்பாளையத்தில் இன்னொரு பெயர். நெகமத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. எல்லாருக்கும் பொதுவாக மாமா என்று வைத்துக்கொள்வோம்.

மாமாவைப் பிளாஸ்டிக்குக்கு எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. அவர் காரின் சீட்டில் ஷோரூமில் போட்டுக் கொடுத்த பாலிதீன் உறை மூன்று வருசமாக அப்படியே இருக்கிறது. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்தவர்கள் இறங்கும்போது முதுகு சத்தத்தோடுதான் பிரியும். டிவி ரிமோட்டுக்கும் உறை உண்டு. ஒரு வேலையும் பார்க்காத பிளாஸ்டிக்கை எடுக்க விடமாட்டார். வேலை பார்க்கிற பிளாஸ்டிக்கை இருக்க விடமாட்டார்.

இதற்கு வம்சாவளிக் காரணம் இருக்கிறது. மாமா கிணற்று மோட்டாரோடு வளர்ந்தவர். பேரிங் போனதா, ஃபுட்வால்வில் இலை அடைத்ததா என்று வரப்பில் நின்றபடியே காதால் சொல்லிவிடுவார். மோட்டாரும் பம்பும் செய்தே பெயர் வாங்கிய கோயமுத்தூர் வட்டாரத்தில் எந்த மிஷினும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்ட வேண்டும். மூடி வைத்தால் உள்ளே எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். இதே ஊர்ப்பக்கம்தான் ஜி.டி.நாயுடு ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துத் தொழில் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். மாமாவுக்கு அவர்தான் குலதெய்வத்துக்கு அடுத்தபடி. ஒரே வித்தியாசம், நாயுடு கழட்டியதைத் திரும்ப மாட்டினார்.

மாமாவின் முதல் கேள்வி, “அம்பாசடருக்கு இது இருந்துச்சுங்களா?” இல்லைதான். அம்பாசடருக்கு ஏ.சி. கம்ப்ரஸர் அடியில் தொங்கவில்லை, எலக்ட்ரானிக் ஒயர்களும் ஓடவில்லை என்று சொல்லிப் பாருங்கள். அதற்குள் அவர் இரண்டாவது கேள்விக்குப் போயிருப்பார். “கம்பளி போத்துன மாதிரி மூடி வெச்சா இன்ஜின் சூடாகாதுங்களா?” கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னால் கிரில் வழியே நுழைகிற காற்று ரேடியேட்டரைத் தாண்டிப் பின்னால் வெளியேற வேண்டும். அந்தப் போக்கையும் கணக்கில் வைத்துத்தான் அடித்தட்டுக்கு வடிவம் கொடுக்கிறார்கள். எடுத்துவிட்டால் சூடு குறைந்தே தீரும் என்று நம்புவதற்கில்லை. தட்டு இல்லாவிட்டால் நிச்சயமாக வந்து சேருவது வேறு: மழைத்தண்ணீர், சேறு, ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளப்புகிற புழுதி, லாரியிலிருந்து பறக்கிற தேங்காய் நார்த்தூள். எல்லாம் நேராகப் பெல்ட்டுக்கும் டைனமோவுக்கும்தான் போகும்.

மாமா சொல்வதில் பாதி உண்மை என்பதுதான் சங்கடம். ஆயில் கசிந்தால் தரையில் சொட்டாமல் தட்டிலேயே தேங்கி நிற்கும், நமக்குத் தெரியாது. எலிக்குக் கதகதப்பான மெத்தை. ஆயில் மாற்றும்போது சில வண்டிகளில் இதைக் கழட்டியாக வேண்டும். கழட்டுகிற பையன் பத்துக் கிளிப்பை எடுத்து ஆறைத்தான் திரும்பப் போடுவான். தட்டை உரசுகிற வேகத்தடை இன்னொரு தொல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் கணக்குப்படி அது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். எங்கள் தோட்டத்துச் சாலைகளில் அகலத்தை மிச்சம்பிடித்து உயரத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

என் ஓட்டு தட்டுக்குத்தான். ஆனால் கிளிப் குறைந்த தட்டு, தட்டே இல்லாததைவிட மோசம். முன்ஓரம் விட்டுப்போனால் பொள்ளாச்சி நாலுவழிச் சாலையில் எண்பதில் போகும்போது காற்று உள்ளே புகுந்து படபடவென்று அடித்து, ஒருநாள் முழுசாக உரித்துத் தரையில் இழுக்கும். ஒரு கிளிப் வாங்க என்ன செலவாகும்? அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பியில் முறுக்கி விடுகிறோம்.

மாமா தன் வண்டித் தட்டைக் கழட்டியது தென்னை மரத்தடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்ணில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்தார். பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரு திருப்புளி. கிளிப்பின் நடுக்குமிழை நெம்பியதும் அது தெறித்து, சேர்ந்திருந்த மண் பொலபொலவென்று மீசையில் கொட்டியது. துப்பிவிட்டு, “பார்த்தீங்களா, எத்தனை மண்ணு!” என்று வெற்றியோடு காட்டினார். அத்தனை மண்ணையும் இன்ஜினுக்குப் போகாமல் தடுத்தது எது என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியமில்லை. கிளிப்புகளை எறியவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி, மேலே தேதி எழுதி வைத்தார்.

மறு மழையிலேயே பெல்ட் கீச்சிட ஆரம்பித்தது. “இப்பெல்லாம் பெல்ட்டே மட்டமா வருது” என்றார் மாமா.

அவருடைய மருமகன் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். அதே மாடல் கார், அதே வருசம். தட்டு முழுசாக, எல்லாக் கிளிப்போடும் இருக்கிறது. ஒறம்பரை வரும்போதெல்லாம் வாசலில் இந்தப் பஞ்சாயத்துத்தான்.

“நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் 2005-ல எஃப் ஒன் ஓட்டினாருங்களே மாமா, அந்தக் காருக்கே அடிப்பக்கம் மூடித்தான் இருக்குமுங்க.”

“அவரை நம்ம தோட்டத்து ஸ்பீடு பிரேக்கர்ல அதை ஓட்டச் சொல்லுங்க மாப்ள.”

போன தடவை மருமகன் வந்து நின்றதும் மாமா அவர் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார். கழட்டிய தட்டு கோழிக்கூட்டுக்குக் கூரையாகி இருந்தது. சேதாரமில்லாமல், நாலு மூலையிலும் கிளிப் போட்டு, அசையாமல் மாட்டியிருந்தார்.

“எல்லாஞ் சரிங்க மாப்ள, ஆயில் போல்ட்டுக்குன்னு நடுவுல ஓட்டை விட்டிருக்கான் பாருங்க, அதுல மழை ஒழுகிக் கோழி நனையுது. உங்க வண்டியோடதையும் கழட்டி மேல ஒண்ணு போட்டாப் போதும்.”

“ஒரே மாடலுங்க மாமா, அந்த ஓட்டையும் அதே இடத்துலதானுங்களே வரும்?”

மாமா ஒரு நிமிசம் கூரையைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார்.

“திருப்பி மாட்டிக்கலாம். நீங்க வண்டியை நெழலுக்குக் கொண்டாங்க.”