வராமலே வாத்தியார்

மும்பை அணுசக்தி நகரில் அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி ஒன்று உண்டு. 1957-ல் தொடங்கியது. சேருகிற இளம் விஞ்ஞானிக்கு விடுதி, படிக்கும்போதே மாதம் அரை லட்சத்துக்கு மேல் உதவித்தொகை. ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ராத்திரியெல்லாம் வாதாடினால்தான் விஞ்ஞானி தேறுவான் என்று சர்க்காருக்குத் தெரிந்திருக்கிறது. சந்தோஷம்.

பக்கத்திலேயே சீத்தா கேம்ப். அதே அணு ஆராய்ச்சி மையத்துக்காக 1976-ல், அவசரநிலையின் தைரியத்தில், ஜனதா காலனியை இடித்து ஏறத்தாழ 70 ஆயிரம் பேரை அள்ளிக் கொட்டிய சேற்று நிலம். அந்தக் காலனியில் பிள்ளைகளைத் திரட்டிப் படிக்க வைத்தவர் ஜோக்கின் அற்புதம் என்ற தச்சர். பி.எட். கிடையாது. ஆனால் மனுஷன் நேரில் வருவார்.

இன்று இங்கே ஒரு தமிழ்ப் பெண் டீச்சராக ஆசைப்படுகிறாள். தங்கிப் படிக்கக் கல்லூரி இல்லாமலா? 1963-லேயே மைசூரில் திறந்தாயிற்று: நான்கு வருஷப் படிப்பு, விடுதி, வளாகத்துக்குள்ளேயே பள்ளிக்கூடம். ஆனால் மண்டலத்துக்கு ஒரு கல்லூரி என்று கணக்கு; மைசூர் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு. மும்பைத் தமிழச்சி மேற்கு மண்டலம், அவளுக்குப் போபால். தாராவிப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தர நர்மதையைத் தாண்டிப் போக வேண்டும். 2023-ல் அதே நான்கு வருஷத்தைப் புதுக் கண்டுபிடிப்பென்று மேளம் கொட்டினார்கள். பழைய சோறு, புது இலை.

தூரம், அப்பா விடமாட்டாரா? கவலையே வேண்டாம், நான்-அட்டெண்டிங் பி.எட். இருக்கிறது. பணத்தைக் கட்டு, வீட்டிலேயே இரு, பரீட்சைக்கு மட்டும் வா. வருகைப் பதிவேட்டுக்குச் செட்டிங் உண்டு. விதிப்படி 20 வாரம் பள்ளியில் நின்று பாடம் நடத்த வேண்டுமாம். நிற்கிறார்களே, காகிதத்தில்! லெசன் ப்ளான் எழுத ஆள், ரெகார்ட் நோட்டுக்கு ஆள். "மூணாவது பெஞ்சுப் பையன் ஒரு கேள்வி கேட்டான்டி, திருதிருன்னு முழிச்சேன்" என்று விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி அழுவாளே, அதையும் கேட்டுவிட்டு மறுநாள் வகுப்புக்குப் புத்தகத்தைப் புரட்டுவார்களே, அதற்கு மட்டும் எந்த ஏஜெண்டிடமும் ரேட் இல்லை.

வாய்க்கொழுப்பு என்று நினைக்காதீர்கள். மகாராஷ்டிரத்து டி.எட். கல்லூரிகளின் அங்கீகார வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அதில் பிறந்த நீதிபதி வர்மா ஆணையம் 2012-ல் அறிக்கை தந்தது. அதைக் காட்டித்தான் 2020 தேசியக் கல்விக் கொள்கை, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தனித்த ஆசிரியர் கல்லூரிகளில் பெரும்பாலானவை விலைக்குப் பட்டம் விற்பவை என்று அச்சடித்திருக்கிறது. கடைகளுக்கு லைசென்ஸ் கொடுத்தது யார் என்பதை மட்டும் அச்சடிக்கவில்லை. பக்கம் போதவில்லையோ என்னவோ.