பெரிய வாய் மெல்லத்தான் முழுங்கும்

இன்னாடா மருமவனே, ராத்திரி பூரா செல்லைப் பாத்துக்கினு கெடந்துட்டு, காலைல ஷூ கம்பெனியில மிஷின் மேலயே தூங்கி வழியிறியாமே? கருந்துளை வந்து பூமியை உறிஞ்சிடும்னு எவனோ வீடியோவுல சொன்னானாம், தொரைக்குத் தூக்கம் போச்சாம். இதுவரைக்கும் தெரிஞ்சதுல நமக்குக் கிட்ட இருக்கிற கருந்துளையே 1,560 ஒளியாண்டு தள்ளிக் கீது. 2022-லதான் கண்டுபிடிச்சாங்க. பாலாத்துத் தண்ணிக்குத் தோல் ஷாப்புக் கழிவு பண்ணின வேலை சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி, 1996-ல தீர்ப்பே வந்துச்சி. அதுக்கு ஒரு நாளாவது தூக்கம் கெட்டியா நீ?

வா, உன் பயத்தைக் கொஞ்சம் பதம் பண்றேன். கருந்துளை எதையும் தேடி வந்து உறிஞ்சாது. சூரியனை எடுத்துட்டு அதே எடையில ஒரு கருந்துளையை வெச்சேன்னு வையி, அகலம் 6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். பூமி பாட்டுக்கு இப்ப சுத்துற வழியிலேயே சுத்திக்கினு இருக்கும். இருட்டும், குளிரும், அவ்ளோதான். நம்ம சூரியன் கருந்துளையா ஆவப் போறதும் இல்ல. அதுக்கு எடை பத்தாது.

இந்த எடைக் கணக்குல பேர் போனவன் யாருன்னு தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியில படிச்ச பையன், சுப்பிரமணியன் சந்திரசேகர். சர் சி.வி. ராமனுக்கு அண்ணன் மவன். 1930-ல, 19 வயசுல, இங்கிலாந்துக்குக் கப்பல்ல போவச்சொல்ல கணக்குப் போட்டான். எரிஞ்சி முடிஞ்ச நட்சத்திரம் வெண்குள்ளனா சுருங்கி நிம்மதியா படுத்துக்கணும்னா, ஒரு அளவுக்கு மேல எடை இருக்கக் கூடாதுன்னான். அந்த அளவு சூரியனைப் போல 1.4 மடங்குன்னு பின்னாடி தெளிவாச்சி. மீறினா இன்னும் சுருங்கும். ரொம்ப மீறினா நிறுத்த ஆளே கெடையாது. 1935-ல லண்டன் வானியல் சபையில எடிங்டன்னு ஒரு பெரிய மனுசர் அதைக் கிண்டல் பண்ணி உக்கார வெச்சாரு. 1983-ல நோபல் பரிசு வந்துச்சி. பெரியவங்க சொல்றதெல்லாம் சரின்னு நம்பாதே. என்னைத் தவிர.

இப்ப கருந்துளை வகைக்கு வரேன். வட்டிக்குக் குடுக்கறவங்களைப் பாத்திருக்கே இல்ல? அதே கதைதான். சின்னவன், நட்சத்திரம் செத்துப் பொறந்தவன். சூரியனைப் போல சில மடங்குலேருந்து சில பத்து மடங்கு எடை. இவன்தான் கொடூரன். சந்தையில நிக்கிற தண்டல்காரன் வாசல்லயே சட்டையைப் புடிக்கிற மாதிரி, இவன் ஒளி கூடத் திரும்ப முடியாத எல்லைக்கு வெளியிலேயே உன் காலை ஒரு வேகத்துல, தலையை ஒரு வேகத்துல இழுத்து இழையா நீட்டிடுவான். பெரியவன் அப்டி இல்ல. அண்டங்களோட நடுவுல உக்காந்திருப்பான். நம்ம பால்வீதி நடுவுல இருக்கிறவன் சூரியனைப் போல 40 லட்சம் மடங்கு. எம்87 அண்டத்துல இருக்கிறவன் 650 கோடி மடங்கு. இவன் வாசல்ல இழுக்கவே மாட்டான், மரியாதையா உள்ள விடுவான். எல்லையைத் தாண்டினது கூட உனக்குத் தெரியாது. ஏசி ரூம்ல காபி குடுத்து, இருபது வருசத் தவணைக்குக் கையெழுத்து வாங்கினாங்களே, ஞாபகம் கீதா?

நடுத்தரம் அபூர்வம். 2019-ல ரெண்டு துளை மோதி, 142 மடங்குல ஒண்ணு உண்டானதை ஈர்ப்பலை காட்டிக் குடுத்துச்சி. ஆதிகாலத்துக் குட்டித் துளைன்னு ஹாக்கிங் சொன்ன வகை இன்னும் காகிதத்துலதான் கீது.

ஒளியே வெளிய வராதுன்னா எப்டி மாமா கண்டுபிடிக்கிறாங்கன்னு கேப்பே. அக்கம்பக்கத்தை விசாரிச்சித்தான். பால்வீதி நடுவுல ஒரு நட்சத்திரம் 16 வருசத்துக்கு ஒரு சுத்து சுத்துது. நடுவுல ஒண்ணும் தெரியல. கண்ணுக்குத் தெரியாத எது அதைச் சுத்த வைக்குதுன்னு வருசக்கணக்கா அளந்தவங்களுக்கு 2020-ல நோபல் பரிசு. இந்த வித்தை நமக்குப் புதுசா? வாணியம்பாடி தாண்டி, ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை ஏறினா காவலூர். அங்க ஒரு மீட்டர் தொலைநோக்கியில, 1977 மார்ச் 10 அன்னிக்கு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கிறதைப் பாக்கக் காத்திருந்தாங்க. கோள் மறைக்காத நேரத்துல நட்சத்திர வெளிச்சம் சட்டுனு மங்கிச்சி. வேற எடத்துல பாத்தவங்களும் அதையே சொன்னாங்க. வளையத்தை எவனும் கண்ணால பாக்கல. மறைச்சதை வெச்சே யுரேனஸுக்கு வளையம் இருக்குதுன்னு உலகத்துக்குத் தெரிஞ்சிது.

2019-ல எம்87 துளையோட படம் வந்துச்சே, அது கூட துளை இல்ல; சுத்தி எரியிற வாயுவும் நடுவுல நிழலும்தான். நீ அதை ஸ்டேட்டஸ்ல வெச்சிக்கினியே தவிர, அதே காவலூர் மலையில, வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு பேர்ல 2.34 மீட்டர் கண்ணாடி 1986-லேருந்து வானத்தைப் பாத்துக்கினு இருக்கிறதை ஒரு நாளும் எட்டிப் பாத்ததில்ல.

ஒரு லீவு நாளாப் பாத்து, ஆளுங்களை உள்ள விடுவாங்களான்னு முன்னாடியே கேட்டு வெச்சிக்கோ. மழை மேகம் இல்லாத மாசமாப் பாரு. ரெண்டு பேரும் போவலாம், பெட்ரோல் உன் செலவு.