கம்பளி போர்த்திய யானை

கேள்வி: 'கிங்காங்' மாதிரி பழைய கறுப்பு-வெள்ளைப் பூதப் படங்களைத் துலக்கி, வீட்டில் பார்க்க டிஸ்க்காக விடுகிறார்களே, பயம் போய்விடாதா? நம்ம பக்கம் அப்படி ஏதாவது உண்டா?
– ஒரு வாசகர், வாசலூர்பட்டி, கொல்லிமலை

பதில்: பயம் போகும், வேடிக்கை கூடும்! 1933-ல் வந்த 'கிங்காங்' 2005-ல் துலக்கப்பட்டு டிவிடியாக வந்தது. 1938-ல் சென்சார் வெட்டிய காட்சிகளும் அதில் உண்டு. காங் ஆளைக் கடித்துக் குதறுவது உட்பட. உற்றுப் பாருங்கள், அதன் மயிர் சும்மாவே சிலிர்க்கும். கோபமெல்லாம் இல்லை. சுமார் ஒன்றரை அடி பொம்மை அது. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நகர்த்தியவர்களின் விரல் பட்ட தடம்தான் சிலிர்ப்பு.

நம்ம பக்கமா? உங்கள் மலைக்குப் பக்கத்துச் சேலம் போதுமே! மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1952-ல் எடுத்த 'தி ஜங்கிள்' தமிழில் 'காடு'. நம்பியாரும் இருக்கிறார், ஆனால் பூதம் அவரில்லை. ஆதிகால மாமூத் வேண்டுமென்று யானைக்குச் சடைமயிர் போர்த்திவிட்டார்கள். நம்ம வெயிலில்! அதைப் பளிச்சென்று துலக்கினால் எனக்கு யானையை நினைத்துத்தான் திகிலாகும்.

உங்களுக்கென்ன, சங்க காலத்திலிருந்தே கொல்லிப்பாவை இருக்கிறாள். சிரித்தே ஆளை முடிப்பவள், டிஸ்க்கும் வேண்டாம், டிவியும் வேண்டாம்.