புயலுக்கு முன்னும் பின்னும் படகு

கடல் தெரியாத படப்பையில் இருந்துகொண்டு பாய்மரப் படகைப் பற்றி எழுத என்ன அருகதை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது, இங்கிருந்து அதிக தூரமில்லாத முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மீனவர்களின் ஃபைபர் படகுகள்தான் தெருத்தெருவாகப் போய் ஆட்களை மீட்டன. காம்பவுண்டுச் சுவரில் உரசினாலும் துறைமுகக் கல்லில் உரசினாலும் படகுக்கு வைத்தியம் ஒன்றே.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். அதனால் படகைக் காப்பது என்றால், முதலில் காற்றுக்குப் பிடி கொடுக்காமல் இருப்பது. சுருட்டிக் கட்டிய பாயும் ஒரு பிடிதான். நடுராத்திரியில் ஒரு மூலை அவிழ்ந்தால் போதும், முழுப் பாயும் விரிந்து மரத்தையே முறித்துவிடும். பாயைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும். சிறிய படகாக இருந்தால் பாய்மரத்தையும் இறக்கிவிடலாம்.

இந்த விஷயத்தில் நம் கட்டுமரத்தை விஞ்சிய படைப்பு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கரை திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உலர்த்துவார்கள். பிரித்துப் போட்ட மரத்தைப் புயல் புரட்டலாம், இழுத்துப் போகலாம், உடைப்பது கடினம். மூட்டு என்பதே கயிறு என்பதால், அது போனால் புதுக் கயிறு போட்டுக்கொள்ளலாம். பழுதை முன்கூட்டியே நினைத்துச் செய்த படகு அது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் கரையெங்கும் வந்தன. அவற்றின் வேகமும் வசதியும் வேண்டியவைதான். ஆனால் கட்டுமரத்துக்குள் இருந்த யோசனையும் அதோடு கைவிட்டுப் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

ஃபைபரைப் பிரிக்க முடியாது, கட்டத்தான் வேண்டும். ஒரகடத்திலிருந்து இயந்திரம் ஏற்றி வரும் டிரெய்லர்களில் சுமையைப் பாலியெஸ்டர் பெல்ட்டால் இறுக்கியிருப்பதைப் பார்க்கலாம். கரையேற்றிய படகுக்கும் அதுவே தகும். நனைந்தாலும் அது அதிகம் நீளாது. தண்ணீரில் நிற்கும் படகுக்கு நைலான் கயிறு நல்லது. அது நீண்டு கொடுத்து அலையின் வெட்டைத் தாங்கிக்கொள்ளும். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் கனத்த துணி சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் கயிற்றைக் குளிர்விக்கும் மழைநீர் உள்ளே போகாது. உராயும் நைலான் சூடேறி உருகிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது காற்று சற்று ஓய்ந்தது. பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது. புயலின் கண் கடக்கும் இடத்தில் இப்படித்தான் நடக்கும். படகின் முன்பக்கத்தைத் தூக்கி வைத்து, பின்பக்கத்து வடிகால் துளையைத் திறந்துவிட வேண்டும். உள்ளே தேங்கும் ஒரு கன மீட்டர் மழைநீர் ஒரு டன் எடை.

புயல் போன பிறகு அவசரப்பட வேண்டியது மோட்டாருக்கு மட்டும். மூழ்கியிருந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெய் விட வேண்டும். ஃபைபர் காத்திருக்கும், காத்திருக்கவும் வேண்டும். உப்பைக் கழுவி, நன்றாக உலர விட்டு, அடிபட்ட இடத்தைச் சுற்றி நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பானையைச் சுண்டிப் பார்ப்பதுபோலத்தான். கணீரென்றால் நல்ல பகுதி. சத்தம் மழுங்கினால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. பிரிந்ததை ஈவிரக்கமில்லாமல் வெட்டி எடுத்து, ஓரத்தைக் கனத்தின் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். பழைய ஃபைபரில் புது ரெசின் பிடிப்பது அந்தச் சொரசொரப்பில்தான். பளபளப்பின் மேல் ஒட்டிய ஒட்டு அடுத்த அலையில் உரிந்துவிடும்.

பிறகு கண்ணாடியிழை மேட்டை அடுக்கடுக்காக ரெசினில் நனைத்து ஒட்டலாம். ஈரக் காற்றில் வேண்டாம். வெயில் திரும்பும்வரை பொறுங்கள். காற்றுப் பட்டால் சாதாரண பாலியெஸ்டர் ரெசினின் மேற்பரப்பு பிசுபிசுத்தே நிற்கும். அதனால் கடைசிப் பூச்சின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் விரித்து, இறுகும்வரை விட்டுவைக்க வேண்டும்.