மிதிவண்டியோட்டியின் மூக்குக்கண்ணாடி: முதுகுவழி ஓர் ஆய்வு

கண்ணாடிக்கடைக்குப் போகிறவர்கள் முகத்தைக் கொண்டுபோகிறார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் முதுகைக் கொண்டுபோக வேண்டும் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் கருதுகோளை முதன்முறை கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பு மறுப்பாகாது. ஒரு நூலுக்கு எழுவகை மதம் உண்டு என்கிறது நன்னூல். உடன்படல் அதில் உண்டு, மறுத்தல் உண்டு. சிரித்தல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே மேலே செல்கிறேன்.

ஆய்வுக்களம், திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலை. காலம், ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நான்கே முக்கால் முதல் வெயில் சுடும் எட்டரை வரை. தகவலாளிகள் மூவர். அவர்களில் ஒருவன் நானே என்பதால் மூன்றில் ஒரு பங்குத் தரவு ஐயத்துக்கு இடமற்றது. மூவரும் நாற்பதைத் தாண்டியவர்கள், கண்ணாடி அணிகிறவர்கள், அதை ஒரு முறையாவது சாலையில் தொலைத்தவர்கள்.

நாற்பதில் வரும் பார்வைக் குறைக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. வெள்ளெழுத்து என்றால் எழுத்து வெளுத்துவிட்டது என்று பொருள். பழி எழுத்தின் மேல். சாளேசரம் என்பது நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்ற இந்துஸ்தானிச் சொல்லின் வழி வந்தது. பழி வயதின் மேல். இரண்டிலும் கண் தப்பித்துக்கொள்கிறது. முதுகு இரண்டிலுமே விசாரிக்கப்படவில்லை என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்க.

முதுகு விசாரிக்கப்படாததற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒரே சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பாரிஸில் இருந்தபோது, 1785இல் எழுதிய ஒரு கடிதத்தில் அதன் பயனை அவரே விளக்குகிறார்: சாப்பாட்டு மேசையில் தட்டில் இருப்பதும் தெரிகிறது, எதிரில் பேசுகிறவரின் முகமும் தெரிகிறது, முகம் தெரிவதால் பிரெஞ்சும் கொஞ்சம் நன்றாகப் புரிகிறது. ஆக, இரட்டைக் கண்ணாடி பிறந்த இடம் பந்தி. 1862இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்து மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் எழுத்துப் பலகையை வெளியிட்டார். அன்று முதல் உலகமே நாற்காலியில் உட்கார்ந்து, ஆறு மீட்டருக்கு அப்பால் சுவரில் இருக்கும் எழுத்துகளை உரக்க வாசித்துவருகிறது. 1959இல் பிரான்சின் பெர்னார் மெத்தனாஸ் கோடில்லாமல் மேலிருந்து கீழாகப் பவர் மாறும் வேரிலக்ஸ் லென்ஸைக் கொண்டுவந்தார். தன் தந்தையின் இரட்டைக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து வெறுத்துப்போனதில் பிறந்த யோசனை அது.

மூன்று மேதைகளும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதனுக்காகவே உழைத்திருக்கிறார்கள். சாப்பிடுகிறவன், சுவரைப் படிக்கிறவன், புத்தகம் படிக்கும் அப்பா. ஆட்டுக்கொம்புபோல் வளைந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகை மடக்கி, தலையைத் தாழ்த்தி, புருவத்துக்கு அடியிலிருந்து சாலையைப் பார்ப்பவன் அவர்கள் கனவில்கூட வரவில்லை.

இந்த நிலையில் கண் எதன் வழியாகப் பார்க்கிறது? லென்ஸின் நடுவழியாக அல்ல, உச்சியில் உள்ள ஒரு விரற்கடைப் பட்டை வழியாக. அதற்கு மேலே சட்டத்தின் விளிம்பு. அதற்கும் மேலே வெறுங்காற்று. குனிந்து ஓட்டுகிறவர் பாதி நேரம் விளிம்பைப் பார்க்கிறார், கால்வாசி நேரம் கண்ணாடிக்கு மேலாக மங்கலாகப் பார்க்கிறார், மிச்ச நேரத்தில்தான் காசு கொடுத்து வாங்கிய லென்ஸ் வழியாகப் பார்க்கிறார்.

உச்சிப் பட்டையிலும் ஒரு சிக்கல் உண்டு. லென்ஸின் மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் அது பட்டகம்போல் வேலை செய்யும். எவ்வளவு என்பதைப் பிரெண்டிஸ் விதி சொல்லும்: விலகல் எத்தனை சென்டிமீட்டரோ அதைப் பவரால் பெருக்குக. என் பவர் மைனஸ் 5. மையத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே பார்க்கிறேன். விடை 5; அதாவது ஒரு மீட்டர் தூரத்துக்கு 5 சென்டிமீட்டர் வீதம் காட்சி கீழே இறங்கும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் என் கண் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 10 மீட்டருக்கு அப்பால் உள்ள பள்ளம் ஏழரை மீட்டரிலேயே கிடப்பதுபோல் தெரிய வேண்டும். சில நாளில் மூளை இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் இரண்டு கண்ணுக்கும் பவர் வெவ்வேறாக இருந்தால் ஒவ்வொரு கண்ணும் பள்ளத்தை ஒவ்வோர் இடத்தில் வைக்கும். என் இரண்டாம் தகவலாளிக்கு அந்தப் பேறு வாய்த்திருக்கிறது. அவர் எல்லாப் பள்ளத்தையும் இரண்டாக எண்ணியே கணக்குச் சொல்வார். மாநகரச் சாலைகளைப் பொறுத்தவரை அதைப் பெரிய பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோட்பாடு இப்படியிருக்க, களத்துக்கு வருவோம். பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கடை. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவர் முழுக்கச் சட்டங்கள். கவுண்டருக்குப் பின்னால் ஓர் இளைஞர்.

"சார், உங்களுக்கு ஓவல் ஃபேஸ். ரெக்டாங்கிள் போட்டா எடுப்பா இருக்கும்."

"முகத்தை விடுங்க தம்பி. நான் கொஞ்சம் குனிஞ்சு பாக்கணும்."

கவுண்டரின் விளிம்பைக் கைப்பிடியாகக் கொண்டேன். இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்து, இடுப்பை மடக்கி, முதுகை 45 பாகைக்குக் கொண்டுவந்து, எதிர்ச்சுவரில் இருந்த நாட்காட்டியைத் தலை நிமிர்த்தாமல் பார்த்தேன். என் பின்புறம் கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவுக்குக் காட்சியளித்தது. முதலாளி எழுந்து வந்தார்.

"சாருக்கு என்ன, எதுனா கீழ விழுந்துடுச்சா?"

"இல்லீங்க, தேதி தெரியுதான்னு பாக்குறேன்."

"இன்னிக்குப் பதினேழு சார்." சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கனிவோடு சொன்னார்: "முதுகுப் பிடிப்புன்னா எதிர்ல ஆர்த்தோ டாக்டர் இருக்காரு. நல்ல கைராசி."

அறிவியல் வளர்ந்த வரலாறே அவமானத்தின் வரலாறுதான். பதினொரு சட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதில் மேல்விளிம்பு நாட்காட்டியின் தேதியைக் குறுக்கே வெட்டியது. இரண்டில்தான் பதினேழு முழுதாகத் தெரிந்தது. இளைஞர் பரிந்துரைத்த நீள்சதுரம் படுதோல்வி. பாதிச்சட்டம் எனப்படும் வகை இன்னும் மோசம். அதில் கனத்த சட்டம் மேலே இருக்கிறது, நைலான் நூல் கீழே இருக்கிறது. நமக்கு வேண்டியது இதற்கு நேர் தலைகீழ். தலைகீழாக மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். தம்பி முதலாளியைப் பார்த்தார். முதலாளி சாலையைப் பார்த்தார்.

தேறிய இரண்டுக்கும் உள்ள பொதுப்பண்பு: லென்ஸின் உயரம் அதிகம், மூக்கில் மேலேறி உட்காரும், மூக்குத்தாங்கிகளை வளைத்து இன்னும் ஏற்ற முடியும். விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டில் ஒன்று தள்ளுபடித் தட்டில் கிடந்தது.

இங்கே ஒரு கல்வெட்டுச் செய்தி. சட்டத்தின் காதுக்கம்பியின் உட்புறத்தில் 52, ஒரு சின்னச் சதுரம், 18, 140 என்று பொறித்திருக்கும். நெடுங்காலம் இதை விலைக்குறியீடு என்று நம்பியிருந்தேன். 52 என்பது லென்ஸின் அகலம், 18 மூக்குப்பாலம், 140 காதுக்கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். கடைசி எண்ணைத் தலைக்கவசம் வைத்திருப்பவர்கள் கவனிக்க. கம்பி நீண்டால் கவசத்தின் பின்பட்டையில் முட்டும். முட்டினால் கண்ணாடி மூக்கில் இறங்கும். இறங்கினால் மேல்விளிம்பு மறுபடி சாலையை வெட்டும். ஆகவே கடைக்குப் போகும்போது தலைக்கவசத்தையும் எடுத்துப் போங்கள். குனிந்து நிற்பதால் ஏற்கெனவே போன மானம் கவசத்தால் கூடுதலாகப் போகப்போவதில்லை.

லென்ஸுக்கு என்ன பொருள் என்பதில் நான் பாலிகார்பனேட் கட்சி. லாரிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லை அது தாங்கும். அதற்கு ஒரு குறை உண்டு. நிறங்களைப் பிரித்துச் சிதறவிடாமல் வைத்திருக்கும் திறனை அபே எண் என்பார்கள். சாதாரண சிஆர்-39 பிளாஸ்டிக்குக்கு அது 58, பாலிகார்பனேட்டுக்கு 30 அளவில்தான். பவர் கூடியவர்கள் ஓரத்தில் பார்த்தால் மின்கம்பத்துக்கு நீலமும் மஞ்சளுமாகக் கரை தெரியும். கரைவேட்டி கட்டிய கம்பங்கள் தமிழ்நாட்டில் யாரையும் திடுக்கிட வைக்காது.

உலக வரலாற்றில் இதற்குச் சான்று உண்டா என்று கேட்பவர்களுக்காக டூர் டி பிரான்ஸைப் புரட்டினேன். 1968இல் கண்ணாடி அணிந்த யான் யான்சென் என்ற டச்சுக்காரர் கடைசி நாள் தனிநபர் ஓட்டத்தில் முந்தி 38 விநாடி வித்தியாசத்தில் வென்றார். 1989இல் கண்ணாடி அணிந்த லோரான் ஃபின்யோன், கண்ணாடியாலேயே 'பேராசிரியர்' என்று பெயர் வாங்கியவர், 50 விநாடி முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கினார். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. கிரெக் லெமாண்டிடம் 8 விநாடியில் தோற்றார். லெமாண்ட் காற்றைக் கிழிக்கும் புதுவிதக் கைப்பிடியும் கூர்க்கவசமும் வைத்திருந்ததையும், ஃபின்யோனின் குதிரைவால் கூந்தல் காற்றில் ஆடியதையும் அன்றிலிருந்து பேசுகிறார்கள். மூக்குக்கண்ணாடியின் கணக்கை எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. வரவு 38, செலவு 8, நிகர இருப்பு 30 விநாடி. மூக்குக்கண்ணாடி இன்னும் லாபத்தில்தான் ஓடுகிறது.

இனி பிணக்குக்குரிய பகுதி. காதுக்கம்பியைத் தலைக்கவச வாருக்கு மேலே விடுவதா, அடியிலே விடுவதா? சைக்கிள் உலகம் இதில் வடகலை தென்கலையாகப் பிரிந்து கிடக்கிறது. பந்தயக்காரர்கள் வார்மேல் கலை. விழுந்தால் கண்ணாடி தானாகக் கழன்று பறக்கும், முகத்தில் குத்தாது, ஓடும்போதே சுலபமாகக் கழற்றலாம் என்பது அவர்கள் வாதம். மறுக்க முடியாத வாதம்தான், பவர் இல்லாதவர்களுக்கு. மைனஸ் ஐந்துக்காரனின் கண்ணாடி பறந்துபோனால் அதைத் தேட அவனுக்குக் கண்ணாடி வேண்டும். கோவளத்துக்கு அருகே சவுக்குத் தோப்போர மணலில் இருபது நிமிடம் தவழ்ந்த பிறகு நான் வார்க்கீழ் கலைக்கு மாறினேன். பந்தயக்காரர்களோடு உணவுக் கலப்பு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

வேர்வை பற்றிச் சொல்லாமல் விட்டால் இது சென்னை ஆய்வாகாது. குனிந்த நெற்றியிலிருந்து சொட்டுவது லென்ஸின் உட்புறத்தில் விழுந்து உப்பாகக் காயும். வெளிப்புறத்தில் கடற்காற்று தன் பங்கு உப்பைப் போடும். இதைப் பனியனால் துடைப்பவர்கள் லென்ஸின் மேற்பூச்சைத் தாங்களே தேய்த்து எடுக்கிறார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே துணி. ஆவி படிவது இன்னொரு தொல்லை. குளிரூட்டிய அறையில் இரவெல்லாம் கிடந்த கண்ணாடி, வாசலில் வந்ததும் வெளுத்துவிடும். கண்ணாடியை முந்தின இரவே வராந்தாவில் வைத்துவிட்டால் போதும்.

வெயிலில் தானே கறுக்கும் லென்ஸ் நாலே முக்கால் மணி இருட்டுக்கும் எட்டு மணி வெயிலுக்கும் ஒன்றாகப் பொருந்தும். ஆனால் அது புற ஊதாக் கதிரில் கறுத்து, சூட்டில் வெளுக்கும் சரக்கு. நம் மே மாதத்தில் முழுதாகக் கறுக்காது. கறுப்புக் கண்ணாடியே வேண்டும் என்பவர்கள் மூன்றாம் தர அடர்த்தியோடு நிறுத்துக. அதற்கு மேலே உள்ள நான்காம் தரம் பனிமலைக்காரர்களுக்கு. அதை அணிந்து சாலையில் வண்டி ஓட்டக்கூடாது. கான்டாக்ட் லென்ஸ் பற்றி ஒரே வரி: மணல் பறக்கும் சாலையில் என் மூன்றாம் தகவலாளி அதை ஒரு முறை முயன்று, மீதித் தூரத்தை ஆட்டோவில் கடந்தார்.

பவர் மாறும் லென்ஸ்தான் மிச்சம். தூரப்பார்வைக்கான பகுதி மேலே இருப்பதால் அது நமக்கு ஏற்றதுபோல் தோன்றும். ஆனால் அதே தலைத்தாழ்வில் கைப்பிடிமேல் இருக்கும் வேகமானியையும் ஏறக்குறைய மேல்பகுதி வழியாகத்தான் பார்ப்பீர்கள், அது தூரத்துக்கான பகுதி, எண்கள் வெள்ளெழுத்து. ஓரங்களும் கலங்கும், பின்னால் பேருந்து வருகிறதா என்று தோள்மேல் திரும்பினால் பேருந்து நெளியும். நான் ஒற்றைப் பவருக்கே திரும்பிவிட்டேன். வேகம் எவ்வளவு என்று எனக்குத் தெரிவதில்லை. என் வேகத்துக்கு அது நல்லதே.

முடிவாகத் தள்ளுபடித் தட்டுச் சட்டத்தையே வாங்கினேன். ஒற்றைப் பவர், பாலிகார்பனேட், மூக்குத்தாங்கி மேலேற்றியது. நடந்து போகும்போது போட்டால் பள்ளிக்கூட ஆய்வாளர்போல் இருக்கிறது என்கிறாள் மனைவி. குனிந்தால் நன்றாக இருக்கிறது.

கண்ணாடிக்கடை முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம். சுவரில் எழுத்துப் பலகை, மேசையில் கைக்கண்ணாடி எல்லாம் வைத்திருக்கிறீர்கள். கவுண்டரின் ஓரத்தில் ஒரு சைக்கிள் கைப்பிடியையும் திருகி வையுங்கள். பழையது ஒன்று என் மொட்டைமாடியில் கிடக்கிறது. கேட்டால் கொண்டுவந்து தருகிறேன், இலவசம்.