வெருகலாற்றுக்கும் ஒரு சுட்டெண் தாருங்கள்

பரீட்சை ஆணையாளர் நாயகம்,
இலங்கைப் பரீட்சைத் திணைக்களம்,
பத்தரமுல்லை.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

வெருகலிலிருந்து ஒரு தகப்பன் எழுதிக்கொள்வது. உயர்தரப் பரீட்சைக்கு ஆறாம் ஆண்டிலிருந்தே திட்டமிட வேண்டும் என்று வழிகாட்டல் கருத்தரங்கு ஒன்றில் அறிவுறுத்தினார்கள். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற ஆட்கள் நாங்கள். 2016இல் மூத்தவள் ஆறாம் ஆண்டுக்குப் போனதும், பழைய கலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் திட்டத்தைக் கீறிச் சுவரில் ஒட்டிவிட்டேன். 2021 டிசம்பர் சாதாரண தரம். 2024 ஆகஸ்ட் உயர்தரம். ஆகஸ்ட் எங்கள் பக்கத்துக்கு அருமையான மாதம்: கச்சான் காற்று அடிக்கும், புழுதி பறக்கும், வெருகலாறு மணல் தெரியக் கிடக்கும்.

சாதாரண தரத்தை 2022 மே மாதத்தில் வைத்தீர்கள். கொரோனாவை நீங்கள் அனுப்பவில்லை; அதை விட்டுவிடுவோம். ஆனால் உயர்தரம் 2020இல் ஒக்டோபருக்குப் போய், அடுத்தது 2022 பெப்ரவரிக்கும் அதற்கடுத்தது 2023 ஜனவரிக்கும் பிறகு 2024 ஜனவரிக்கும் ஊர்ந்து, கடைசியில் நவம்பரில் வந்து குந்திக்கொண்டது. 2024 நவம்பர் 25ஆம் திகதி பரீட்சை தொடங்கியது. மாரி மழைக்கு நடு நெஞ்சில்! கொழும்பில் குடை போதும். எங்களுக்கோ நுவரெலியாவில் பெய்த மழையும் மகாவலி, வெருகலாறு வழியாக நிதானமாக வந்து, வெருகல் வாசலில்தான் கடலுக்கு விடைபெறும். அந்தக் கிழமைகளில் எங்கள் வீட்டில் படிப்பது பௌதிகவியல் அல்ல, மகாவலியின் மனம்பிட்டி நீர்மட்டம்.

நவம்பர் 27இல் பரீட்சையை நிறுத்தினீர்கள். டிசம்பர் 4இல்தான் மீண்டும் தொடங்கினீர்கள். அடுத்த வருடம் பாடம் படித்துக்கொண்டு நவம்பர் 10க்கே முன்னால் இழுத்தீர்கள். வந்தது டித்வா புயல். மறுபடியும் அதே நவம்பர் 27இல் நிறுத்தம். மிச்ச வினாத்தாள்கள் 2026 ஜனவரியில். ஐயா, இந்த நாட்டில் பரீட்சை நேரசூசியை ஒழுங்காகக் கடைப்பிடிப்பது வெருகலாறு ஒன்றுதான். அதற்கொரு சுட்டெண் வழங்கி, நிலைய மேற்பார்வையாளர்களோடு சேர்த்து ஒரு கொடுப்பனவும் கொடுத்தால் என்ன?

உங்கள் இன்னொரு அறிவித்தலையும் பாராட்டவேண்டும். பரீட்சை நெருங்கினால் குறிப்பிட்ட நாள் நள்ளிரவு முதல் ரியூசன் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றுக்கும் தடை. மீறினால் தண்டனை. இணைந்த கணிதத்துக்கு ரியூசன் மாஸ்டர் ஒருவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத எங்கள் ஊரில் அந்தத் தடையை வருடம் முழுக்க, நள்ளிரவுக்கு முன்பும் பின்பும், முழு விசுவாசத்தோடு அனுசரித்து வருகிறோம். நற்சான்றிதழ் ஒன்று எதிர்பார்க்கிறோம்.

எண்பது வீத வரவும் வேண்டும் என்கிறீர்கள். வேண்டியதுதான். வீதி வெள்ளத்துக்குள் கிடக்கும் நாட்களில் வரவேட்டை யாரிடம் காட்டிக் கையொப்பம் வாங்குவது என்பதை மட்டும் சுற்றறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.

இசட் புள்ளி, மாவட்டக் கோட்டா என்பன பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் காரியம் என்று தெரியும். என்றாலும் ஒருதரம் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்கு நூற்றில் நாற்பது இடம் அகில இலங்கைத் திறமைக்கு, ஐம்பத்தைந்து மாவட்டங்களுக்கு, மீதி ஐந்து கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எங்கள் திருகோணமலை மாவட்டமும் பின்தங்கியது என்ற பட்டம் பெற்றது. சந்தோஷம். ஆனால் பின்தங்கிய மாவட்டத்துக்குள் முன்தங்கிய நகரம் ஒன்றும், பின்தங்கியதற்கும் பின்னால் தங்கிய வெருகலும் இருப்பதை அந்தக் கணக்கு காணாது. ஆய்வுகூடம், கணித ஆசிரியர், மாலை வகுப்பு என்று எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருகோணமலை நகரப் பிள்ளையும், 2006இல் போருக்குத் தப்பி ஈச்சிலம்பற்றிலிருந்து உடுத்த துணியோடு வாகரைக்கு ஓடியவர்களின் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்கு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால் விடுதியோ உறவுக்காரர் வீடோ தேடிப் போகவேண்டிய பிள்ளைக்கு, அந்தச் செலவுக்கு எத்தனை இசட் புள்ளி கழிப்பீர்கள்?

மூத்தவள் இரண்டு தடவையும் நனைந்தே எழுதினாள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை எழுதியதைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்பது சட்டம். ஆற்றுக்கு அப்படி வரையறை ஏதும் உண்டா என்று நீர்ப்பாசனத் திணைக்களத்தைத்தான் கேட்கவேண்டும்.

இளையவன் இப்போது எட்டாம் ஆண்டு. திட்டமிடச் சொல்லி அவனுக்கும் கருத்தரங்கு நடந்து முடிந்துவிட்டது. அவனுடைய உயர்தரம் எந்த மாதம் என்று தயவுசெய்து இப்போதே எழுதி அனுப்பவும். ஆகஸ்டாக இருந்தால் கலண்டர் வாங்குகிறேன். நவம்பர்தான் என்றால் அந்தக் காசைத் தோணிக்குச் சேர்க்கவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
வெருகல் தகப்பன் ஒருவன்

பிரதிகள்:
பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு – தகவலுக்காக
வளிமண்டலவியல் திணைக்களம் – நேரசூசி தயாரிக்கும்போது கூப்பிட்டால் போவதற்காக
மகாவலி கங்கை – தேவையான நடவடிக்கைக்காக